வானில் விடப்படும் பலூன்கள் எங்கே போய்ச் சேருகின்றன? கொண்டாட்டம் முடிந்த பின் தொடங்கும் பாதிப்பு

புது தில்லி: தேசியக் கொடியை ஏற்றி வைத்த முக்கிய விருந்தினர், சமாதானத்தைக் குறிக்கும் வகையில் வெண்புறாக்களையும் மூவர்ண பலூன்களையும் வானில் பறக்கவிட்டார் என்ற செய்தி, சுதந்திர தினத்திற்கும் குடியரசு தினத்திற்கும் மறுநாள் நாட்டின் எந்த மொழி நாளிதழிலும் இடம்பெறும். தில்லியில் குடியரசு தின அணிவகுப்பின் நிறைவில் மூவர்ண பலூன்கள் கூட்டமாக மேலெழுவது நீண்டகால வழக்கம். மாவட்டத் தலைநகரங்களின் மைதானங்கள், பள்ளி விளையாட்டு விழாக்கள், கடைத் திறப்பு விழாக்கள், அரசியல் கட்சிக் கூட்டங்கள் என இவ்வழக்கம் எங்கும் பரவியுள்ளது.

பலூன்கள் கண்ணுக்கு மறைந்தவுடன் நிகழ்ச்சியும் செய்தியும் முடிந்துவிடுகின்றன. பறக்கவிடப்பட்ட புறாக்கள் மாலைக்குள் கூடு திரும்புகின்றன. பலூன்களோ எங்கோ ஒரு வயலில், ஏரியில், காட்டில் அல்லது கடலில் விழுகின்றன. விழும் இடத்தை விட்டவர்கள் பார்ப்பதில்லை என்பதாலேயே, இது குப்பை கொட்டும் செயல் என்ற எண்ணம் யாருக்கும் எழுவதில்லை.

ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்களில் சிலவற்றுக்கு 2022 ஜூலை 1 முதல் இந்தியா தடை விதித்தது. அந்தப் பட்டியலில் பலூன்களுக்கான பிளாஸ்டிக் குச்சியும் உள்ளது. ஆனால் பலூனை வானில் விடுவதைத் தடுக்க நாடு முழுவதற்குமான தனி விதி ஏதும் இல்லை. பலூன்களால் சுற்றுச்சூழலுக்கு என்ன நேர்கிறது, பிற நாடுகள் என்ன செய்துள்ளன, இந்தியாவில் செய்யக்கூடியது என்ன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

பலூன் எவ்வளவு உயரம் செல்லும்?

வாயால் ஊதிய பலூனோ, கைப்பம்பினால் காற்றடைத்த பலூனோ தானாக மேலே பறப்பதில்லை. காற்றை விட எடை குறைந்த ஹீலியம் அல்லது ஹைட்ரஜன் வாயு நிரப்பப்பட்ட பலூன்களே வானில் எழுகின்றன. ஒரு லிட்டர் ஹீலியம் ஏறத்தாழ ஒரு கிராம் எடையைத் தூக்கும். விழாக்களில் பயன்படும் நடுத்தர அளவு ரப்பர் பலூனில் சுமார் 14 லிட்டர் வாயு கொள்ளும். பலூனின் எடை ஏறக்குறைய 3 கிராம் மட்டுமே என்பதால் அது விரைவாக மேலேறுகிறது.

உயரம் கூடக்கூட வெளியிலுள்ள காற்றழுத்தம் குறைகிறது. அதனால் உள்ளே இருக்கும் வாயு விரிவடைந்து ரப்பரை இழுக்கிறது. சுமார் 8 கிலோமீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் தரைமட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகவும், வெப்பநிலை பூஜ்யத்திற்குக் கீழே 35 டிகிரி செல்சியஸுக்கும் குறைவாகவும் இருக்கும். அந்த நிலையில் ரப்பர் தன் நெகிழ்ச்சியின் எல்லையை எட்டி வெடித்து, நீண்ட கீற்றுகளாகக் கிழிந்து கீழே விழுகிறது.

ஆனால் எல்லாப் பலூன்களும் அந்த உயரத்தை எட்டுவதில்லை. போதிய வாயு நிரப்பப்படாதவை, முடிச்சு தளர்ந்தவை, வாயு கசிந்தவை ஆகியன பாதி வழியிலேயே சுருங்கி, முழு வடிவத்துடன் தரையிறங்குகின்றன. இடையில் வீசும் காற்று அவற்றைப் பல கிலோமீட்டர் தொலைவுக்குக் கொண்டு செல்கிறது. நகரின் நடுவே உள்ள மைதானத்தில் விடப்பட்ட பலூன், அந்த விழாவைப் பற்றி எதுவும் அறியாத ஒரு கிராமத்தில் விழக்கூடும். ஆற்றிலோ கால்வாயிலோ விழுந்தால் மழைநீருடன் கடலைச் சென்றடையும்.

ஓர் எளிய கணக்கைப் பார்க்கலாம். தலா 3 கிராம் எடையும் ஒரு மீட்டர் நாடாவும் கொண்ட 1,000 பலூன்கள் விடப்பட்டால், 3 கிலோ ரப்பரும் ஒரு கிலோமீட்டர் நீள நாடாவும் திசைதெரியாமல் சிதறுகின்றன. அதே 3 கிலோ குப்பையைச் சாலையில் கொட்டினால் உள்ளாட்சி அமைப்பு அபராதம் விதிக்கலாம். மேல்நோக்கி வீசினால் கைதட்டல் கிடைக்கிறது.

'இயற்கை ரப்பர்தானே' என்ற வாதம்

பலூனுக்கு ஆதரவாக முன்வைக்கப்படும் முதல் வாதம், அது மரத்திலிருந்து கிடைக்கும் ரப்பர் பாலினால் ஆனது என்பதாகும். ரப்பர் மரங்களில் பால்வெட்டி எடுக்கப்படும் திரவமே பெரும்பாலான பலூன்களின் மூலப்பொருள் என்பது உண்மை. இந்தியாவில் கேரளம் ரப்பர் உற்பத்தியில் முதலிடம் வகிக்கிறது. தமிழகத்தின் கன்னியாகுமரி மாவட்டத்திலும் ரப்பர் தோட்டங்கள் உள்ளன.

ஆனால் மரத்தில் வடியும் பாலும் கடையில் விற்கும் பலூனும் ஒன்றல்ல. பால் கெட்டுப் போகாமலிருக்க அம்மோனியா சேர்க்கப்படுகிறது. பின்னர் கந்தகம், துத்தநாக ஆக்சைடு, வினையைத் துரிதப்படுத்தும் வேதிப்பொருட்கள், விரைவில் சிதையாமல் காக்கும் பொருட்கள், நிறமிகள் ஆகியவை கலக்கப்படுகின்றன. கந்தகத்துடன் சேர்த்துச் சூடாக்கும்போது ரப்பரின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் ஒன்றோடொன்று பிணைகின்றன. 'வல்கனைசேஷன்' எனப்படும் இந்த முறையே பலூனுக்கு வலிமையையும் நெகிழ்ச்சியையும் தருகிறது. மண்ணிலும் நீரிலும் உள்ள நுண்ணுயிரிகளால் அதை எளிதில் சிதைக்க முடியாமல் போவதற்கும் இதுவே முக்கியக் காரணம்.

ஓக் மரத்தின் இலை மக்கும் வேகத்தில் ரப்பர் பலூனும் மக்கிவிடும் என்ற கூற்று, 1980-களின் இறுதியில் தொழில்துறை சார்பில் மேற்கொள்ளப்பட்ட ஆய்வை அடிப்படையாகக் கொண்டது. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை நேரடியாகச் சோதித்தனர். ரப்பர் பலூன்களை நன்னீரிலும், கடல்நீரிலும், தொழில்முறை உரக்குவியலிலும் 16 வாரங்கள் வைத்துப் பார்த்ததில், அவை பெரும்பாலும் தங்கள் வடிவத்தையும் அளவையும் இழக்காமல் இருந்தன. வெப்பமும் நுண்ணுயிரிகளும் மிகுந்த உரக்குவியலிலேயே மக்காத பொருள், திறந்த வெளியிலோ கடலிலோ விரைவில் மக்கும் என எதிர்பார்க்க இயலாது.

மக்கக்கூடியது என்பதற்கும் தீங்கற்றது என்பதற்கும் வேறுபாடு உண்டு. ஒரு பொருள் பல ஆண்டுகளில் மக்கலாம். அதற்குள் ஒரு பறவையோ ஆமையோ அதை உண்ண ஒரு நாள் போதும்.

பறவைகளுக்கு ஏன் அதிக ஆபத்து?

கடலில் மிதக்கும் குப்பையில் பலூன்களின் பங்கு மிகச் சிறியதே. பாலித்தீன் பைகளும் பாட்டில்களும் மீன்பிடி வலைகளும் அதைவிடப் பல மடங்கு அதிகம். எனினும் பாதிப்பைக் குப்பையின் எடையைக் கொண்டு மட்டும் அளவிட முடியாது என்பதை ஆஸ்திரேலியாவில் மேற்கொள்ளப்பட்ட மற்றொரு ஆய்வு எடுத்துக்காட்டியது.

2019-ஆம் ஆண்டு 'சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ்' இதழில் வெளியான அந்த ஆய்வில், 51 இனங்களைச் சேர்ந்த 1,733 இறந்த கடற்பறவைகளின் உடல்கள் ஆராயப்பட்டன. அவற்றில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பறவையின் வயிற்றில் கடல் குப்பை இருந்தது. பறவைகள் விழுங்கியிருந்த பொருட்களில் பலூன் உள்ளிட்ட மென்மையான பொருட்களின் பங்கு சுமார் 5 சதவீதம் மட்டுமே. ஆனால் குப்பையை விழுங்கியதால் நேர்ந்த இறப்புகளில் 40 சதவீதத்திற்கும் மேற்பட்டவற்றுக்கு அவையே காரணமாக இருந்தன. கடினமான பிளாஸ்டிக் துண்டை விழுங்கும் பறவையுடன் ஒப்பிடுகையில், பலூன் துண்டை விழுங்கும் பறவை இறப்பதற்கான வாய்ப்பு 32 மடங்கு அதிகம் என ஆய்வாளர்கள் கணக்கிட்டனர்.

இதற்கான காரணம் எளிதில் விளங்கக்கூடியது. கடினமான சிறு துண்டு சில வேளைகளில் குடல் வழியாக வெளியேறிவிடுகிறது. மென்மையான ரப்பரோ குடலின் வளைவுகளுக்கேற்ப மடங்கி, ஒட்டிக்கொண்டு பாதையை அடைத்துவிடுகிறது. அதன்பின் உண்ணும் உணவு உள்ளே செல்ல வழியின்றி, பறவை பட்டினியால் மெல்ல இறக்கிறது.

பலூனில் கட்டப்படும் நாடா இன்னொரு ஆபத்து. பளபளப்பான பிளாஸ்டிக் நாடாக்கள் மரக்கிளைகளில் சிக்கி நெடுங்காலம் தொங்குகின்றன. அவற்றில் இறக்கையோ காலோ மாட்டிக்கொண்ட பறவைகளால் விடுபட முடிவதில்லை. காற்றாடிகளின் மாஞ்சா நூலால் பறவைகளுக்கு நேரும் துன்பத்தை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கடல் ஆமைகளின் பருவமும் விழாக்களின் பருவமும்

கடலில் விழும் பலூன் கீற்றுகள் நீரில் மிதந்து அசையும்போது, சொறிமீன் எனப்படும் ஜெல்லி மீனைப் போலவோ கணவாயைப் போலவோ தோற்றமளிக்கின்றன. கடல் ஆமைகள் பலவற்றுக்கு இவை விருப்பமான இரை. ஆமைகளின் உணவுக்குழாயில் பின்னோக்கி வளைந்த முட்கள் போன்ற அமைப்புகள் உள்ளன. வழுக்கும் இரை வெளியே நழுவாமல் தடுப்பதற்காக அமைந்த இந்த முட்களே, தவறுதலாக விழுங்கிய ரப்பரை வெளியே உமிழ முடியாமலும் செய்துவிடுகின்றன.

ஆலிவ் ரிட்லி எனப்படும் பங்குனி ஆமைகள் ஆண்டுதோறும் நவம்பர் முதல் இந்தியாவின் கிழக்குக் கடற்கரையை ஒட்டிய கடற்பகுதிக்குப் பெருந்திரளாக வருகின்றன. ஒடிசாவின் கஹிர்மாதா, ருஷிகுல்யா கடற்கரைகளில் ஆயிரக்கணக்கில் கரையேறி முட்டையிடுகின்றன. தமிழகம், ஆந்திரக் கடற்கரைகளிலும் அவை முட்டையிடுவதுண்டு. புத்தாண்டுக் கொண்டாட்டங்களும் குடியரசு தின விழாக்களும் பள்ளிகளின் ஆண்டு விழாக்களும் நடைபெறும் மாதங்கள் இவையே. இழுவலைகள், பிளாஸ்டிக் குப்பை எனப் பல அபாயங்களை ஏற்கெனவே எதிர்கொள்ளும் உயிரினத்தின் பாதையில், தவிர்க்கக்கூடிய மேலும் ஓர் அபாயம் சேர்க்கப்படுகிறது.

பெரிய விலங்குகளும் தப்புவதில்லை. 2023-ஆம் ஆண்டு இறுதியில் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலக் கடற்கரையில் அலகுத் திமிங்கிலக் கன்று ஒன்று இறந்து ஒதுங்கியது. அதன் வயிற்றில் இருந்த பிளாஸ்டிக் பலூனே இறப்புக்குக் காரணம் எனப் பரிசோதனையில் தெரியவந்தது. நிலத்திலும் ஆபத்து உண்டு. மேய்ச்சல் நிலத்தில் விழுந்து புல்லோடு கலந்த ரப்பரும் நாடாவும் ஆடு, மாடுகளின் வயிற்றுக்குள் செல்லக்கூடும். அவற்றின் உரிமையாளருக்கு அது யார் நடத்திய விழாவின் எச்சம் என்று கூடத் தெரியாது.

பளபளக்கும் பலூனும் மின்கம்பியும்

பிறந்தநாள் விழாக்களில் எண்கள், எழுத்துகள், இதயம், நட்சத்திரம் ஆகிய வடிவங்களில் தொங்கவிடப்படும் பளபளப்பான 'ஃபாயில்' பலூன்கள் வேறு வகையைச் சேர்ந்தவை. இவை ரப்பரால் ஆனவை அல்ல. பிளாஸ்டிக் படலத்தின் மீது மெல்லிய அலுமினியப் பூச்சு ஏற்றித் தயாரிக்கப்படுகின்றன. வாயு எளிதில் கசியாததால் இவை பல நாட்கள் மிதக்கும். இவை மக்குவதில்லை; வெயிலிலும் அலையிலும் சிறு துண்டுகளாக உடைந்து நுண்பிளாஸ்டிக்காக மாறுகின்றன.

அலுமினியம் மின்சாரத்தைக் கடத்தும். ஆகவே இத்தகைய பலூன் இரு மின்கம்பிகளுக்கு இடையே சிக்கினால் குறுக்குச்சுற்று ஏற்பட்டு மின்தடையும், சில வேளைகளில் தீப்பொறியும் உண்டாகின்றன. காட்டுத்தீ அபாயம் மிகுந்த அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் இது பெரும் பிரச்சினையாக உள்ளது. அங்கு இவ்வகைப் பலூன்களை எடை கட்டாமல் விற்கக் கூடாது என 1990-லேயே விதி கொண்டுவரப்பட்டது. மின்சாரத்தைக் கடத்தாத வகைக்குப் படிப்படியாக மாற வேண்டும் என 2022-இல் மற்றொரு சட்டம் இயற்றப்பட்டது.

உள்ளே இருக்கும் வாயுவின் விலை

ஹீலியத்தின் கதை இந்திய மண்ணுடன் தொடர்புடையது. 1868 ஆகஸ்ட் 18 அன்று நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தை ஆந்திரத்தின் குண்டூரிலிருந்து ஆராய்ந்தவர் பிரெஞ்சு வானியலாளர் பியர் ஜான்சன். அக்காலத்துச் சூரிய ஆய்வுகளில் தென்பட்ட, அதுவரை அறியப்படாத மஞ்சள் நிறக்கோடே ஹீலியம் என்ற தனிமத்தின் முதல் அடையாளமாக அமைந்தது. பூமியில் அது 1895-இல்தான் பிரித்தெடுக்கப்பட்டது.

பூமிக்கடியில் யுரேனியம், தோரியம் போன்ற கதிரியக்கத் தனிமங்கள் மிக மெதுவாகச் சிதையும்போது ஹீலியம் உருவாகிறது. அது இயற்கை எரிவாயுப் படுகைகளில் தேங்குகிறது. காற்றில் கலந்த ஹீலியம் நாளடைவில் விண்வெளிக்குத் தப்பிச் சென்றுவிடும். வானில் வெடிக்கும் பலூனிலிருந்து வெளியேறும் ஹீலியத்தை எவ்வகையிலும் மீட்க முடியாது. இந்தியா தனக்குத் தேவையான ஹீலியத்திற்குப் பெரும்பாலும் இறக்குமதியையே நம்பியுள்ளது.

மருத்துவமனைகளில் உள்ள எம்ஆர்ஐ ஸ்கேன் இயந்திரத்தின் காந்தம், பூஜ்யத்திற்குக் கீழே 269 டிகிரி செல்சியஸ் என்ற கடுங்குளிரில் இயங்க திரவ ஹீலியம் தேவை. வழக்கமான இயந்திரம் ஒன்றில் 1,500 முதல் 2,000 லிட்டர் வரை திரவ ஹீலியம் இருக்கும். மிகக் குறைந்த அளவில் இயங்கும் புதிய வகைகளும் இப்போது வந்துள்ளன. ஒரு லிட்டர் திரவ ஹீலியம் வாயுவானால் சுமார் 750 லிட்டராக விரியும். அந்தக் கணக்கில், ஒரு லட்சம் பலூன்களில் அடைக்கப்படும் ஹீலியம் ஓர் எம்ஆர்ஐ இயந்திரத்தின் தேவைக்கு ஏறக்குறைய இணையானது. பலூன்களுக்குத் தூய்மை குறைந்த ஹீலியமே பயன்படுகிறது என்பது தொழில்துறையினரின் பதில். எனினும் அதையும் தூய்மைப்படுத்திப் பயன்படுத்த இயலும். வானில் விட்டதைத்தான் பயன்படுத்த இயலாது.

ஹீலியத்தின் விலை அதிகம் என்பதால் இந்தியாவில் பல இடங்களில் ஹைட்ரஜன் நிரப்பப்படுகிறது. ஹைட்ரஜன் எளிதில் தீப்பற்றக்கூடியது. ஆர்மீனியத் தலைநகர் யெரெவானில் 2012 மே 4 அன்று நடந்த அரசியல் கூட்டத்தில் வாயு பலூன்கள் தீப்பிடித்து வெடித்ததில் 140-க்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். சென்னையில் 2020 செப்டம்பரில் நடந்த ஒரு பிறந்தநாள் கொண்டாட்டத்திலும், பறக்கவிடுவதற்காக வைத்திருந்த பலூன்கள் வெடித்துப் பலர் காயமடைந்தனர். எனவே மலிவான வாயுவுக்கு மாறுவது இச்சிக்கலுக்குத் தீர்வாகாது.

க்ளீவ்லாந்து கற்பித்த பாடம்

பலூன் வெளியீடு எந்த அளவுக்கு விபரீதமாகலாம் என்பதற்கு 1986 செப்டம்பர் 27 அன்று அமெரிக்காவின் க்ளீவ்லாந்து நகரில் நடந்த நிகழ்ச்சி உலகறிந்த உதாரணம். தொண்டு அமைப்பு ஒன்று நிதி திரட்டவும் உலக சாதனை படைக்கவும் ஏறத்தாழ 15 லட்சம் பலூன்களை ஒரே நேரத்தில் வானில் விட்டது. பெரும் வலைக்கூடாரத்தின் கீழ் பள்ளி மாணவர்கள் உள்ளிட்ட தன்னார்வலர்கள் மணிக்கணக்கில் அவற்றை நிரப்பினர்.

அன்று நகரை நெருங்கிக்கொண்டிருந்த மழையும் குளிர்காற்றும் பலூன்களை மேலே செல்ல விடாமல் வாயு தீரும் முன்பே கீழே தள்ளின. சாலைகளில் போக்குவரத்து பாதிக்கப்பட்டது. ஏரிக்கரையிலுள்ள விமான நிலையத்தின் ஓடுபாதை சிறிது நேரம் மூடப்பட்டது. ஈரி ஏரியின் நீர்ப்பரப்பு பலூன்களால் நிறைந்தது. அதே நேரத்தில் ஏரியில் மீன்பிடிக்கச் சென்ற இருவர் காணாமல் போயிருந்தனர். அவர்களைத் தேடிச் சென்ற கடலோரக் காவல் படையினருக்கு, நீரில் மிதக்கும் மனிதத் தலையையும் பலூனையும் பிரித்தறிவதே கடினமாக இருந்தது. பின்னர் இருவரின் உடல்களும் கரை ஒதுங்கின. பல வாரங்களுக்குப் பிறகும் ஏரியின் மறுகரையான கனடாவில் பலூன்கள் ஒதுங்கிக்கொண்டிருந்தன. நன்மை செய்யும் நோக்கத்துடன் திட்டமிடப்பட்ட நிகழ்ச்சி வழக்குகளில் முடிந்தது.

மாறிவரும் நாடுகள்

இவ்விஷயத்தில் கடந்த பத்தாண்டுகளில் பல நாடுகளும் மாநிலங்களும் தங்கள் நிலைப்பாட்டை மாற்றியுள்ளன. ஜிப்ரால்டர் தனது தேசிய தினமான செப்டம்பர் 10 அன்று, மக்கள் தொகையைக் குறிக்கும் வகையில் 30,000 சிவப்பு, வெள்ளை பலூன்களை விடுவதை மரபாகக் கொண்டிருந்தது. கடல் உயிரினங்களைக் கருத்தில் கொண்டு 2016-இல் அம்மரபு கைவிடப்பட்டது. தேசிய தினம் தொடர்ந்து கொண்டாடப்படுகிறது.

அமெரிக்காவின் வர்ஜீனியாவில் 2021 ஜூலை முதல் வேண்டுமென்றே விடப்படும் ஒவ்வொரு பலூனுக்கும் 25 டாலர் அபராதம் விதிக்கப்படுகிறது. ஃபுளோரிடாவில் முன்பு ஒரு நாளில் பத்துக்கும் குறைவான பலூன்களை விட அனுமதி இருந்தது. மக்கும் பலூன்களுக்கு விலக்கும் இருந்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம் இந்த இரு சலுகைகளையும் நீக்கியது. மிகச் சிறு குழந்தைகளுக்கு மட்டும் தண்டனையிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டுள்ளது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலமும் 2021 முதல் பலூன் விடுவதைத் தடை செய்துள்ளது.

ஐரோப்பிய ஒன்றியம் 2021 முதல் பலூனின் பிளாஸ்டிக் குச்சிக்குத் தடை விதித்தது. அத்துடன் நிற்காமல், பலூன் தயாரிப்பாளர்கள் விழிப்புணர்வுக்கும் குப்பை அகற்றுவதற்கும் ஆகும் செலவை ஏற்க வேண்டும் என்ற பொறுப்பையும் சுமத்தியது. இந்தியச் சட்டமும் ஐரோப்பியச் சட்டமும் ஒரே குச்சியில் தொடங்கினாலும், இந்தியா அங்கேயே நின்றுவிட்டது.

இந்தியச் சட்டம் எங்கே நிற்கிறது?

2021 ஆகஸ்ட் 12 அன்று மத்திய சுற்றுச்சூழல், வனம் மற்றும் பருவநிலை மாற்ற அமைச்சகம் வெளியிட்ட பிளாஸ்டிக் கழிவு மேலாண்மைத் திருத்த விதிகளின்படி, பலூன் குச்சிகள், பிளாஸ்டிக் கொடிகள், மிட்டாய்க் குச்சிகள், ஐஸ்கிரீம் குச்சிகள், அலங்காரத்திற்கான தெர்மோகோல் உள்ளிட்டவை 2022 ஜூலை 1 முதல் தடை செய்யப்பட்டன. விழாக்களில் பயன்படும் பொருட்களே குப்பையாக மிஞ்சுகின்றன என்பதை அரசு ஏற்றுக்கொண்டதை இந்தப் பட்டியல் காட்டுகிறது.

திடக்கழிவைத் தெருவிலோ, பொது இடத்திலோ, சாக்கடையிலோ, நீர்நிலையிலோ எறியக் கூடாது என 2016-ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்ட திடக்கழிவு மேலாண்மை விதிகள் கூறின. ஆனால் விடப்படும் தருணத்தில் பலூன் கழிவாகக் கருதப்படுவதில்லை. அது கழிவாகும் இடத்தில் விட்டவர் இருப்பதில்லை. இந்த இடைவெளியே பலூன் வெளியீட்டைச் சட்டத்தின் பார்வையிலிருந்து தப்ப வைக்கிறது.

வானில் நிகழும் கேளிக்கையை ஒழுங்குபடுத்துவது இந்தியாவுக்குப் புதிதல்ல. பறவைகளுக்கும் மனிதர்களுக்கும் தீங்கு விளைவிக்கும் நைலான் மற்றும் செயற்கை இழை மாஞ்சாவுக்குத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017 ஜூலையில் நாடு முழுவதும் தடை விதித்தது. காற்றாடி விடும் மரபு அதனால் அழிந்துவிடவில்லை. பருத்தி நூலுக்கு இடமளிக்கப்பட்டது. தீ விபத்து மற்றும் பாதுகாப்புக் காரணங்களுக்காக, நெருப்பு ஏற்றிப் பறக்கவிடப்படும் காகித விளக்குகளுக்கு மும்பை காவல்துறை தடை உத்தரவு பிறப்பித்து வந்துள்ளது.

வானிலை பலூன்கள், வியாபாரிகள், விவசாயிகள்

வானிலை ஆய்வுக்காக விடப்படும் பலூன்களின் நிலை என்ன என்ற கேள்வி எழுவது இயல்பே. இந்திய வானிலை ஆய்வுத் துறை நாடெங்கும் உள்ள நிலையங்களிலிருந்து கருவிகள் பொருத்திய பலூன்களை நாள்தோறும் அனுப்புகிறது. அவை மேல் வளிமண்டலத்தின் வெப்பம், ஈரப்பதம், காற்று ஆகியவற்றை அளந்து அனுப்புகின்றன. புயல் எச்சரிக்கைக்கும் மழைக் கணிப்புக்கும் இத்தரவுகள் அவசியம். அவையும் கீழே விழுந்து கழிவாகின்றன என்பது உண்மையே. ஆனால் உயிர்காக்கும் பயனுக்காக விடப்படுபவை என்பதால், பிற நாடுகளின் சட்டங்கள் பொதுவாக இவற்றுக்கு விலக்கு அளித்துள்ளன. சில நொடிக் காட்சிக்காக விடப்படுபவற்றை இவற்றுடன் ஒப்பிட முடியாது.

திருவிழாக்களிலும் கடற்கரைகளிலும் பலூன் விற்றுப் பிழைப்போரின் வாழ்வாதாரம் குறித்த கவலையும் நியாயமானது. விடுவதற்குத் தடை என்பது விற்பதற்குத் தடை அல்ல. ஒரு குழந்தை கையில் பிடித்து விளையாடும் பலூனை எந்தச் சட்டமும் பறிக்கத் தேவையில்லை. ஒரே நாளில் நூற்றுக்கணக்கில் வாங்கி வானில் விடும் அமைப்பாளர்களே இதில் மாற வேண்டியவர்கள். ரப்பர் விவசாயிகளுக்கும் இதனால் பெரிய இழப்பு நேராது. நாட்டில் பயன்படும் இயற்கை ரப்பரின் பெரும்பகுதி டயர் உற்பத்திக்கே செல்கிறது.

மாற்று வழிகள் என்ன?

பலூன்களை முற்றிலும் தவிர்க்க வேண்டியதில்லை. வாயுவுக்குப் பதிலாகச் சாதாரணக் காற்றை நிரப்பி, வளைவுகளாகவும் தோரணங்களாகவும் கட்டினால் அவை பறந்து செல்லாது. விழா முடிந்ததும் காற்றை இறக்கி, முறையாகக் குப்பைத் தொட்டியில் சேர்க்கலாம். குழந்தைகளுக்கு வாயு பலூன் வாங்கினால் கைநழுவிப் போகாதபடி எடை கட்டலாம். பிளாஸ்டிக் நாடாவுக்குப் பதில் பருத்தி நூலைப் பயன்படுத்தலாம்.

மேடை நிகழ்ச்சிகளில் வானை நோக்கிய ஒரு காட்சி வேண்டுமெனில் துணிக் கொடிகள், பருத்தி நூலில் பறக்கும் காற்றாடிகள், மலர் தூவல், சோப்புக் குமிழ்கள், இசைக்குழுவின் முழக்கம் எனப் பல வழிகள் உள்ளன. மரக்கன்று நடுதல் விழாவுக்குப் பிறகும் நிலைத்திருக்கும் அடையாளமாகும். பலூனுக்குப் பதிலாக நெருப்பு விளக்குகளைப் பறக்கவிடுவது மட்டும் மாற்று வழி ஆகாது. ஜெர்மனியின் க்ரெஃபெல்ட் நகர உயிரியல் பூங்காவில் 2020 புத்தாண்டு இரவில் இத்தகைய விளக்குகளால் ஏற்பட்ட தீயில், மனிதக் குரங்குகள் உள்பட 30-க்கும் மேற்பட்ட விலங்குகள் கருகின.

இறந்தவர்களின் நினைவாகவும், நோயுற்றோருக்கு ஆதரவாகவும் பலூன் விடும் பழக்கம் நகரங்களில் பரவி வருகிறது. அந்த உணர்வு மதிக்கத்தக்கது. அகல்விளக்கு ஏற்றுவதும், அன்னதானம் செய்வதும், மரம் நடுவதும் அதே உணர்வை யாருக்கும் தீங்கின்றி வெளிப்படுத்த நம்மிடையே ஏற்கெனவே உள்ள வழிகள்.

முதல் அடியை யார் எடுத்து வைப்பது?

சுற்றுச்சூழல் சிக்கல்கள் பலவற்றுக்குத் தீர்வு காணப் பெரும் நிதியும் நீண்ட காலமும் தேவைப்படுகின்றன. பலூன் வெளியீடு அத்தகையது அல்ல. இதை நிறுத்துவதற்குப் புதிய தொழில்நுட்பமோ நிதி ஒதுக்கீடோ தேவையில்லை. யாருடைய வேலையும் பறிபோகாது. அரசு விழாக்களிலும் கல்வி நிறுவனங்களிலும் பலூன்களை வானில் விட வேண்டாம் என ஒரு சுற்றறிக்கை அனுப்பினாலே பெருமளவு குறைந்துவிடும். அரசு மேடையில் நடப்பதையே பள்ளிகளும் தனியார் நிகழ்ச்சிகளும் பின்பற்றுகின்றன என்பதால், அங்கு நிகழும் மாற்றம் தானாகவே பரவும்.

அடுத்த சுதந்திர தின விழாவுக்கான ஏற்பாட்டுக் கூட்டங்களில், கொடிக்கம்பம், பந்தல், குடிநீர், வாகன நிறுத்தம் ஆகியவற்றுடன் பலூன்களுக்கான கொள்முதலும் வழக்கம்போலப் பட்டியலில் இடம்பெறும். அந்த ஒரு வரியை நீக்க விழாப் பொறுப்பாளர் ஒருவரின் கையெழுத்தே போதுமானது.